வெள்ளிக்கிழமை ராத்திரிக் கனவுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பொடிநடையாகப் போனாலே காதர்பேட்டை வந்துவிடும். சந்துக்குச் சந்து பனியன் கடைகள். வாசலில் கட்டி வைத்த பேல்கள், உள்ளே கூரை முட்ட அடுக்கிய டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் டிராக் பேண்டும். ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ், பையர் வேண்டாம் என்று தள்ளிய ஆர்டர், உள்நாட்டுக்கென்றே தைத்த சரக்கு எல்லாம் இங்கே மொத்தமாகக் கைமாறுகின்றன. வெளிமாநில வியாபாரிகள் காலையில் வந்து இறங்கி, சரக்கைப் பிடித்து, பார்சல் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ரொக்கத்துக்கும் வியாபாரம் உண்டு, கடனுக்கும் உண்டு, தேதி தள்ளிப் போட்ட செக்குக்கும் உண்டு.

சனிக்கிழமை இந்த ஊரில் சம்பள நாள். ஜாப் ஒர்க் எடுத்து பவர்டேபிள் என்ற தையல் பட்டறை நடத்துகிறவர், அயர்னிங் காண்ட்ராக்டர், சின்னதாக ஒரு கடை போட்டிருப்பவர் என்று பலருக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி லேசில் விடிவதில்லை. வர வேண்டிய பாக்கி வருமா, போட்ட செக் பாஸாகுமா, நாளைக்கு ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கணக்கோடுதான் படுக்கை. அந்தக் கணக்கு தூங்கிய பிறகும் நிற்பதில்லை.

கனவுகளை ஆராய்ந்தவர்கள் உலகம் முழுக்கச் சேகரித்த பட்டியல்களில் சில கனவுகள் எப்போதும் முன்வரிசையில் இருக்கின்றன. யாரோ துரத்துகிறார்கள். உயரத்திலிருந்து விழுகிறோம். நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஒரே காரியத்தை எத்தனை தடவை செய்தாலும் முடியவில்லை. பின்னலாடை ஊரில் இதே கனவுகள் தொழிலின் கோலத்தில் வரக்கூடும்: கன்டெய்னர் கிளம்புகிறது, பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை, ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, செக்கிங் டேபிளில் எடுக்கிற பீஸில் எல்லாம் ஓட்டை.

இப்படிக் கனவு வரும்போது நம் மக்கள் கேட்கிற முதல் கேள்வி, 'இது எதற்கு அறிகுறி?' என்பது. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று சொல்வதே இந்த உரையின் நோக்கம். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு, இனி வரப்போவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஏற்கெனவே நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறது. அதற்கு வைத்தியமும் உண்டு.

அரை மைல் காகிதம்

கனவை எந்த நேரத்தில் காண்கிறோம் என்பதே 1953 வரை சரியாகத் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியல் கிளைட்மன் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் மாணவராக இருந்தவர் யூஜின் அசெரின்ஸ்கி. கைவசம் இருந்தது ஒரு பழைய மூளை அலைப் பதிவுக் கருவி. யாரை வைத்துச் சோதிப்பது? எட்டு வயதான தன் மகன் ஆர்மண்டையே படுக்க வைத்து, கண்ணோரத்தில் மின்முனைகளை ஒட்டினார். ஒரு ராத்திரிப் பதிவுக்கு அரை மைல் நீளக் காகிதம் ஓடியது.

நடுராத்திரியில் பேனா முட்கள் தாறுமாறாக ஆடத் தொடங்கின. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தால் அயர்ந்த தூக்கம். மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் விருட் விருட்டென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தெளிவான கனவைச் சொன்னார்கள். 'ரெம்' என்று இன்று அழைக்கப்படும் விரைவிழித் தூக்கம் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

பெரியவர்களின் தூக்கத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. ராத்திரியின் முதல் சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கிறது. விடிய விடிய நீண்டுகொண்டே போகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு அடியில் இப்படி ஓர் உண்மை கிடக்கிறது. நீளமான, அழுத்தமான கனவுகள் விடியற்காலையில்தான் அதிகம். அவற்றிலிருந்து நேராக விழித்துக்கொள்வதால் நினைவிலும் நிற்கின்றன. பலிப்பதால் அல்ல, மறக்காததால்தான் அந்தக் கனவுக்கு மதிப்பு ஏறியது.

ரெம் தூக்கத்தில் உடம்பின் பெரிய தசைகள் இயங்காதபடி மூளைத்தண்டு தடுத்துவிடுகிறது. கனவில் ஓடுகிறவர் கட்டிலைவிட்டு ஓடாமல் இருப்பது இதனால். சில நேரம் மூளை விழித்துக்கொள்கிறது, தசைத்தடை மட்டும் இன்னும் விலகியிருக்காது. கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் மூச்சு முட்டும். 'பேய் அமுக்குது' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. ஓரிரு நிமிடத்தில் தானே விலகிவிடும்.

குழந்தைகள் முன்னிரவில் வீறிட்டு அலறி, எழுப்பினாலும் யாரென்று தெரியாமல் விழித்து, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் எழுவது வேறு. அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் திகில். கெட்ட கனவு பின்னிரவில் வரும், கதையோடு வரும், விழித்ததும் நினைவிருக்கும்.

நெருக்கடி உள்ளே நுழையும் வழி

இந்த ஊருக்கு நெருக்கடி பழக்கப்பட்டதுதான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. வடமாநிலத் தொழிலாளர்கள் அறைகளில் அடைபட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது; அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதியாளரிலிருந்து காஜா பட்டன் வைக்கிறவர் வரை எல்லாருடைய தூக்கத்துக்கும் அது ஓர் அடி.

நெருக்கடி கனவாவது எப்படி? பகலில் மனசைத் தொட்ட விஷயங்களை ரெம் தூக்கத்தில் மூளை மறுபடி எடுத்துப் பார்க்கிறது என்பதற்குப் பல சான்றுகள் உள்ளன. பயத்தையும் ஆத்திரத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற மூளைப்பகுதி அப்போது சுறுசுறுப்பாக இருக்கிறது. பதற்றத்தைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற ரசாயனமோ அந்த நேரத்தில் ஏறத்தாழ வற்றிவிடுகிறது. சம்பவம் நினைவுக்கு வரும், படபடப்பு வராது. இப்படிச் சில ராத்திரிகள் கழிந்தால் நினைவு தங்கும், அதன் சூடு தணியும் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

மன உளைச்சல் கட்டுமீறும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. சூடு தணிவதற்குள் பயம் உச்சத்துக்குப் போய் ஆளை எழுப்பிவிடுகிறது. வேலை பாதியில் நிற்கிறது. மறுநாள் அதே நினைவு வருகிறது, அதே இடத்தில் விழிப்பு வருகிறது. செக்கிங் டேபிளிலிருந்து ஆல்டருக்கு, அதாவது திருத்தத்துக்கு, போன பீஸ் சரியாகாமலே திரும்பத் திரும்ப மேசைக்கு வருவதுபோல, அந்தக் கனவும் திரும்பி வருகிறது. அப்புறம் தூங்கவே பயம் வந்துவிடுகிறது. பயந்து தள்ளிப்போட்ட தூக்கம் கடைசியில் வரும்போது ரெம் கூடுதல் அழுத்தத்தோடு வருகிறது. கனவும் முன்னைவிட மூர்க்கமாகிறது.

இதை மோசமாக்குகிற பழக்கங்கள் இங்கே நிறையவே உண்டு. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஷிப்மென்ட் நெருங்கினால் நடுராத்திரி வரைக்கும் வேலை பார்ப்பவருக்குத் தூக்க நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 'ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வரும்' என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சாராயம் முன்னிரவில் ரெம் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது, அதன் வேகம் இறங்கியதும் பின்னிரவில் கனவுகள் முண்டியடித்து வருகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகள் சிலவும் கெட்ட கனவைக் கிளப்புவதுண்டு. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மருந்தின் மனநல விளைவுகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையையே விதித்தது. அந்த விளைவுகளில் கெட்ட கனவும் ஒன்று. மருந்து மாறிய பிறகு கனவு தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தொழிற்சாலைக்கு வந்த கோயபல்ஸ்

நெருக்கடி கனவில் எவ்வளவு துல்லியமாகப் பதிகிறது என்பதற்கு ஒரு தொழிற்சாலை முதலாளியின் கனவையே உதாரணமாகச் சொல்லலாம். ஷார்லட் பெராட் ஜெர்மனியில் வாழ்ந்த யூதப் பத்திரிகையாளர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அக்கம்பக்கத்தாரிடமும் தெரிந்தவர்களிடமும் அவர்களுடைய கனவுகளைக் கேட்டு ரகசியமாகக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1939-இல் நாட்டைவிட்டுத் தப்பும்வரை ஏறத்தாழ 300 கனவுகள் சேர்ந்தன. 1966-இல் அவை புத்தகமாக வந்தன.

அதில் முதலில் நிற்பவர் அறுபது வயதை ஒட்டிய ஒரு நடுத்தரத் தொழிற்சாலை உரிமையாளர். நேர்மையானவர், தொழிலாளர்களோடு நல்ல உறவுள்ளவர். ஹிட்லர் பதவியேற்ற மூன்றாம் நாள் அவர் கண்ட கனவு இது: நாஜிப் பிரமுகர் கோயபல்ஸ் தொழிற்சாலைக்கு வருகிறார். தொழிலாளர்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் நின்று முதலாளி கையை உயர்த்தி நாஜி வணக்கம் சொல்ல வேண்டும். கை எழவில்லை. அங்குலம் அங்குலமாக உயர்த்துகிறார். அரை மணி நேரம் ஆகிறது. கோயபல்ஸின் முகத்தில் மெச்சுதலும் இல்லை, எரிச்சலும் இல்லை. கை ஒருவழியாக மேலே போனதும், 'உன் வணக்கம் எனக்குத் தேவையில்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார். தன் ஆட்களுக்கு முன்னால், கையைத் தூக்கியபடியே நிற்கிறார் முதலாளி.

இந்தக் கனவு அவருக்கு மறுபடி மறுபடி வந்தது, ஒவ்வொரு முறையும் புதிய அவமானத்தோடு. அவரை அப்போது யாரும் கைது செய்யவில்லை, அடிக்கவில்லை, சொத்தைப் பறிக்கவில்லை. தான் மதிக்கிறவர்கள் பார்க்கத் தன் முதுகு வளைய வேண்டியிருக்குமே என்ற பயத்தை, பகலில் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். ராத்திரி அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது. கடன்காரர் தன் ஆட்கள் முன்னால் வந்து நின்று சத்தம் போடுவாரோ என்று கலங்குகிற பவர்டேபிள் முதலாளிக்கு இந்த ஜெர்மானியர் அந்நியராகத் தெரிய மாட்டார்.

அலையும் தீயும்

பாஸ்டன் நகர மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன் பல ஆண்டுகள் கெட்ட கனவுகளை ஆராய்ந்தவர். தீ விபத்திலிருந்தோ தாக்குதலிலிருந்தோ தப்பியவர்களின் கனவுகளைத் தொகுத்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். முதலில் நடந்தது நடந்தபடி வரலாம். பிறகு, கடலையே காணாத ஒருவருக்கும், 'கரையில் நிற்கிறேன், ராட்சச அலை வந்து அடித்துக்கொண்டு போகிறது' என்ற கனவு வருகிறது. கனவு அங்கே எடுத்துக்கொண்டது சம்பவத்தை அல்ல, அந்த நேரத்து உணர்ச்சியை. தாங்க முடியாததன் முன்னால் கையாலாகாமல் நின்றதற்கு ஒரு காட்சி தேவைப்பட்டது, அலை கிடைத்தது.

அலை நிஜமாகவே வந்த இடமும் தமிழ்நாட்டில் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் குழுக்கள் மீனவர் குப்பங்களில் தங்கி, சமூகத் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி அளித்தன. அங்கே ஒரு குழந்தையின் கனவில் வரும் அலைக்குப் பொருள் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. அது நினைவு.

இலங்கையின் வடக்கில் போருக்கு நடுவிலேயே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஈழத் தமிழர்கள்மேல் போர் ஏற்படுத்திய மனத்தாக்கத்தை 1998-இல் ஆங்கில நூலாகவே எழுதினார். குண்டுவீச்சும் இடப்பெயர்வும் காணாமல் போன உறவும் ராத்திரிகளில் திரும்பி வருவது அவரைப் போன்ற மருத்துவர்களின் அன்றாட அனுபவம். டொராண்டோவிலும் லண்டனிலும் குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கனவு விடாதவர்கள் உண்டு. பாதுகாப்பான நாட்டில் படுத்திருக்கிறோம் என்பதை மூளையின் பயப்பகுதி அவ்வளவு சீக்கிரம் ஏற்பதில்லை.

காதர்பேட்டைக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. 2023 ஜூனில் பனியன் பஜாரில் பிடித்த தீ ஏறத்தாழ ஐம்பது கடைகளைத் தின்றது. துணிக்கடையில் தீ என்றால் நிமிடக் கணக்குதான். அதன் இழப்பைச் சரக்கு மதிப்பாகவே எல்லாரும் எழுதினார்கள், பேசினார்கள். அப்படிப்பட்ட தீயிலிருந்து தப்பியவருக்கு மாதக்கணக்கில் ஷட்டர் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுவதும், கனவில் புகை வருவதும் இயல்பு. சரக்குக்கு ஈடு கேட்பதுபோல் தூக்கத்துக்கும் உதவி கேட்கலாம் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

கனவுக்குப் பொருள் உண்டா?

தமிழ் மரபு கனவைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தில் 'கனாத்திறம் உரைத்த காதை' என்று ஒரு காதையே உண்டு. புகாரில் கணவனைப் பிரிந்திருக்கும் கண்ணகி, பெரிய நகரம் ஒன்றில் கோவலன்மேல் அபாண்டப் பழி விழுந்ததாகக் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். மதுரையில் கோவலனும் தீக்கனாக் காண்கிறான், பாண்டிமாதேவியும் காண்கிறாள். மூன்றும் பலிக்கின்றன. கனவுப் பலன்களைத் தொகுத்துப் பொன்னவன் பெயரில் கனாநூல் என்றே ஒரு நூல் இருக்கிறது. எந்த யாமத்தில் கண்டது எத்தனை காலத்தில் பலிக்கும் என்பது வரை சொல்கிறது. இன்றைக்கும் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் பாம்புக்கு ஒரு பலன், யானைக்கு ஒரு பலன், பல் விழுந்தால் ஒரு பலன்.

காப்பியத்தில் கனவு பலிப்பது கதையின் தேவை. வாழ்க்கையில் பலித்த கனவு ஒன்றை ஊருக்கே சொல்கிறோம். பலிக்காத ஆயிரம் கனவுகளைப் பல் துலக்குவதற்குள் மறந்துவிடுகிறோம்.

சிக்மண்ட் ஃப்ராய்டின் கனவு நூல் 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. ஆழ்மன ஆசைகளே மாறுவேடத்தில் கனவாகின்றன என்றார் அவர். கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதாடியவர். கனவைப் பற்றி வங்காள மொழியிலேயே நூல் எழுதினார். 1977-இல் ஹார்வர்டின் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் மறுதுருவத்துக்குப் போனார்கள்: மூளைத்தண்டு எழுப்பும் தாறுமாறான சமிக்ஞைகளுக்கு மேல்மூளை கதை கட்டுகிறது, அவ்வளவே என்றார்கள்.

இரண்டுக்கும் நடுவில், எண்ணிப் பார்த்தவர் கால்வின் ஹால். ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து, யார் வருகிறார்கள், என்ன நடக்கிறது, வெற்றியா தோல்வியா என்று வகைபிரித்தார். வான் டி காசலோடு சேர்ந்து 1966-இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. அந்த வழியில் வந்த ஆய்வுகள் சொல்வது எளிமையானது: பகலில் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோமோ, யாரை நினைக்கிறோமோ, அவர்களே ராத்திரியும் வருகிறார்கள். எல்லாருக்கும் பொதுவான அகராதி கிடையாது. பாம்பாட்டியின் பாம்பும் பாம்புக்குப் பயந்தவரின் பாம்பும் ஒன்றாக முடியாது.

பல் விழும் கனவையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஆகாது என்று சொல்லி எத்தனையோ பேர் கலங்கியிருக்கிறார்கள். 2018-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கம் உணர்கிறவர்களிடமே அந்தக் கனவு கூடுதலாகக் காணப்பட்டது. மனக்கவலையோடுகூட அதற்குத் தொடர்பு தெரியவில்லை. அந்தக் கனவுக்காகப் பார்க்க வேண்டியவர் ஜோசியர் அல்ல, பல் மருத்துவராக இருக்கலாம்.

நெருக்கடிக் கனவு எல்லாமே கெடுதலும் அல்ல. பாரிஸில் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய 719 மாணவர்களை இசபெல் ஆர்னுல்ஃப் குழு ஆராய்ந்தது. முடிவு 2014-இல் வெளியானது. தேர்வுக்கு முந்தின ராத்திரி அறுபது சதவீதம் பேர் தேர்வைப் பற்றிக் கனவு கண்டார்கள். அதில் பெரும்பாலானவை சொதப்பல் கனவுகள்: நேரமாகிவிட்டது, விடை மறந்துவிட்டது. தேர்வைப் பற்றி அடிக்கடி கனவு கண்டவர்கள்தான் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். நீட் தேர்வுக்கு முன்னால் பிள்ளை அலறி எழுந்தால், 'அபசகுனமா சொல்லாதே' என்று வாயை அடைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வந்து, போய்விடுகிற கனவு மூளையின் ஒத்திகையாக இருக்கலாம்.

போகாமல் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. கனடாவின் மாண்ட்ரியலில் ப்ரவுனும் டான்டெரியும் 1986-இல் மூன்று வகையினரை ஒப்பிட்டார்கள்: இப்போது திரும்பத் திரும்ப ஒரே கனவு வருபவர்கள், முன்பு வந்து இப்போது நின்றுபோனவர்கள், எப்போதுமே வராதவர்கள். மனநலத்தில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் முதல் வகையினர். நின்றுபோனவர்களின் நிலை நன்றாக இருந்தது. அந்தக் கனவு நிற்பது, உள்ளே ஏதோ ஒன்று முடிவுக்கு வந்ததன் அடையாளம். ஆகவே, 'இது எதற்கு அறிகுறி?' என்பதற்குப் பதிலாக, 'எந்தக் காரியம் எனக்குள் இன்னும் முடியாமல் கிடக்கிறது?' என்று கேட்கலாம்.

கனவை மாற்றி எழுதுதல்

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்குச் செய்யக்கூடியது மிகவும் எளிது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பேரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி, கெட்ட கனவால் வதைபட்ட 168 பெண்களிடம் ஒரு முறையைச் சோதித்து, 2001-இல் முடிவை வெளியிட்டது. மூன்றே அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் கணிசமாகக் குறைந்தன, தூக்கம் தேறியது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018 அறிக்கையில் கெட்ட கனவு நோய்க்குப் பரிந்துரைத்த சிகிச்சை இது. பழைய ரத்த அழுத்த மருந்தான பிரசோசின்மேல் அதுவரை பெரிய நம்பிக்கை இருந்தது. அதே 2018-இல் முன்னாள் படைவீரர்கள் 300-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட அது கூடுதல் பலன் தரவில்லை.

கனவுக் காட்சி ஒத்திகை என்று இந்த முறையைச் சொல்லலாம். செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒரே கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசை நிறையச் சரக்கு. எந்தப் பீஸை எடுத்தாலும் ஓட்டை. பின்னாலிருந்து செருப்புச் சத்தம் நெருங்குகிறது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. மூச்சு முட்டி விழிப்பு. பகல் நேரத்தில், மனசு தெளிவாக இருக்கும்போது, அவள் ஒரு நோட்டில் இந்தக் கனவைச் சுருக்கமாக எழுதுகிறாள். பிறகு அடுத்த பக்கத்தில், தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுகிறாள். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்புகிறாள். வருவது ஊரிலிருந்து வந்த அக்கா, கையில் டீ கிளாஸ். 'எந்திரி, மீதியை நான் பாக்கறேன்' என்கிறாள் அக்கா. ஜன்னலைத் திறந்ததும் காற்று வருகிறது. பீஸ்கள் ஒவ்வொன்றாக மடிந்து பெட்டிக்குள் போகின்றன.

பழைய கனவை மறுபடி படிக்க வேண்டியதில்லை. புதியதை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்: டீயின் சூடு, அக்காவின் குரல், ஜன்னல் காற்று. சில வாரங்களில் பழைய கனவின் பிடி தளர்வதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது இருப்பதில் மிகக் கொடிய கனவை அல்ல, ஓரளவு தாங்கக்கூடியதை. வன்முறை, விபத்து, போர் போன்றவற்றிலிருந்து வந்த கனவு என்றால் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு செய்வதே சரி. ஜெனீவாவில் 2022-இல் வெளியான ஆய்வு இதில் ஒரு படி மேலே போனது: புதிய கனவை ஒத்திகை பார்க்கும்போது ஒரு பியானோ ஒலியைக் கேட்க வைத்து, ரெம் தூக்கத்திலும் அதே ஒலியை மெல்ல ஒலிக்கவிட்டார்கள். ஒத்திகை மட்டும் பார்த்தவர்களைவிட அவர்களுக்குக் கெட்ட கனவு இன்னும் குறைந்தது.

சொல்லிவிட வேண்டிய கனவு

எப்போதாவது ஒரு கெட்ட கனவு ஏறத்தாழ எல்லாருக்கும் வரும். வாரம் ஒரு முறையாவது வருவது பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பேருக்கு. அவர்களில் பெரும்பாலோர் அதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. 'கனவுக்கெல்லாமா டாக்டர்?' என்ற தயக்கம். பின்லாந்தில் 36,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி கெட்ட கனவு கண்டவர்களிடம் தற்கொலை அபாயம் கூடுதலாக இருந்தது. கனவு ஒருவரைச் சாவுக்குத் தள்ளுகிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. உள்ளே தாங்க முடியாத பாரம் ஏறியிருக்கிறது என்பதை, வாய் சொல்வதற்கு முன்னால் தூக்கம் சொல்லிவிடுகிறது. கடன் நெருக்கடி ஒரு குடும்பத்தையே குலைத்துப்போட்ட செய்திகளைப் படித்துப் பழகிய ஊரில், இதை அலட்சியமாக விட முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தூக்கத்தில் கனவோடு சேர்ந்து நிஜமாகவே உதைக்கிறார், குத்துகிறார், கத்துகிறார் என்றால், ரெம் தூக்கத்தின் தசைத்தடை வேலை செய்யாமல் இருக்கலாம். மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் குழு 1986-இல் விவரித்த இந்த நிலை, சிலருக்குப் பார்கின்சன் நோயின் முன்னோட்டமாக அமைகிறது. நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

உதவி தொலைவில் இல்லை. 2022-இல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த டெலி மனஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் பகலோ இரவோ காசில்லாமல் அழைக்கலாம். தமிழில் மட்டுமின்றி இருபது மொழிகளில் பேச வசதி உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, பத்துப் பேர் படுக்கும் அறையில் நடுராத்திரி விழித்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கிடக்கும் பையன்களுக்கு இது முக்கியம்.

இந்த அரங்கில் கம்பெனி நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த உரை கேட்பது மூன்று காரியங்கள். பஞ்ச் கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் 14416 என்ற எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஷிப்மென்ட் அவசரத்தில் நடுராத்திரி வரை வேலை பார்த்தவரை மறுநாள் காலை எட்டரைக்கே கூப்பிடாதீர்கள். விடியற்காலைத் தூக்கத்தை வெட்டினால் போவது பெரும்பாலும் ரெம் தூக்கம்தான். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் கம்பெனி மருத்துவ முகாமிலும் சுகர், பிரஷரோடு சேர்த்து, 'ராத்திரி தூக்கம் எப்படி, கெட்ட கனவு வாரத்துக்கு எத்தனை தடவை வருது?' என்ற கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மருத்துவ முகாமுக்கான படிவம் அச்சுக்குப் போவதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்.